எண்ணெய் ஊசி

குளிர்ந்த மருந்தை அப்படியே ஊசியில் ஏற்றிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எண்ணெயில் கரைத்த மருந்து குளிரில் இறுகி நிற்கும். அவசரப்பட்டுப் போட்டால் போட்ட இடம் கல்லாகக் கட்டிக்கொள்ளும், அந்த மனிதர் இரண்டு நாளைக்கு நேராக உட்கார முடியாது. குப்பியை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் அது தானாக இளகிவிடும். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வருகிறார்கள், குத்துகிறார்கள், போகிறார்கள்.

நீங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கொடுத்த ரத்தத்தைச் சரியாகத்தான் சோதித்திருக்கிறார்கள். அந்த ரத்தம் உள்ளே படுத்திருக்கிறவருடையது இல்லை, அவ்வளவுதான். டீ ஆறுகிறது, குடியுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பினால் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு போவீர்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அந்தக் கதவைச் சாத்த வேண்டாம். அவருடைய மூச்சுச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். மனைவி போய்ப் பல வருஷமாகிறது. மகள் இதே ஊரின் மறுகோடியில் கணவன், குழந்தையோடு இருக்கிறாள். இவருக்கு மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள். அதோடு உடம்புக்கு உத்தரவு போடுகிற சுரப்பியும் கெட்டுப்போனது. ஆணின் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அவருக்குச் சுரப்பதே நின்றுவிட்டது. அதை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். இந்த ஊசி என்றதும் ஒரு மாதிரிச் சிரிக்கிறவர்கள் உண்டு. இது கிழவனைக் குமரனாக்குகிற சமாச்சாரம் இல்லை. இல்லாவிட்டால் எலும்பு தேயும், ரத்தம் குறையும், படியேற முடியாது, காரணமில்லாமல் அழுகை வரும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தேடி அழுத மனிதர் அவர்.

நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போட்டேன். கைராசிக்காரி என்று பெயர் உண்டு. ஆனால் கைராசிக்காரிக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. கை கழுவுகிற இடத்தைக் காட்டுவார்கள், ஊசி முடிந்ததும் வாசலருகே வந்து நின்றுகொள்வார்கள், நான் செருப்பை மாட்டுவதற்குள் கதவு சாத்திவிடும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் வீட்டில் தட்டும் டம்ளரும் ஆறு ஆறாக இருக்கின்றன, அவற்றில் ஐந்து இன்னும் புதிதாக இருக்கின்றன. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் "ஒண்ணு போதும்" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும். இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் தடவை ஊசி போடப் போனபோது இவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்பதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் குப்பியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

"என்ன, மருந்தை அடைகாக்கிறீங்களா?" என்றார்.

சிரித்துவிட்டேன். எனக்கே என் சிரிப்புச் சத்தம் புதிதாக இருந்தது. அன்றிலிருந்து மருந்து சூடாகும்வரை அவர் பேசுவார், நான் கேட்பேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் அவரிடம் ஏராளம். ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு, பயத்தில் தன் மேலதிகாரியைப் பற்றி நினைத்ததையெல்லாம் கத்திவிட்டாராம், வெளியே கதவருகில் அந்த மேலதிகாரியும் நின்றுகொண்டிருந்தாராம். உண்மையா, கட்டுக்கதையா என்று நான் கேட்டதில்லை. மருந்து இளகி வெகுநேரம் ஆன பிறகும் கையைத் திறக்க மாட்டேன்.

அப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி. இந்த ஊசியில் ஒரு குணம் உண்டு. போட்ட மறுநாளிலிருந்து உடம்பில் மருந்து ஏறும், ஆள் சுறுசுறுப்பாவார். நாள் போகப் போக இறங்கும், ஆள் துவண்டுபோவார். நான் மணியடிக்கும் நாளில் சவரம் செய்யாத முகத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறப்பார். இரண்டு நாள் கழித்து போன் செய்தால், பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்து மேய்ந்துகொண்டு சீட்டியடிப்பது கேட்கும்.

"நீங்க வந்துட்டுப் போனாத்தான் சிஸ்டர் எனக்கு உயிரே வருது" என்பார்.

வருவது மருந்தால்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மருந்து தானாக நடந்து வந்து அவர் வீட்டு மணியை அடிப்பதில்லை. கொண்டுபோகிற கைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

மகள்தான் முதலில் அதைக் கலைக்கப் பார்த்தாள். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒருநாள் எங்கள் இருவரையும் டாக்டரிடம் அழைத்துப் போய், ஊசிக்குப் பதில் வேறு வழி இல்லையா என்று கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒட்டுகிற பட்டை இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே அதைப் போட்டு இவருக்கு முதுகெல்லாம் தடித்துப்போனது. மாத்திரை இருக்கிறது, கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கிற குளிகை இருக்கிறது, அதற்குச் சின்னதாகக் கீற வேண்டும். எல்லாவற்றிலும் இவருக்குத் தோதானது ஜெல் என்றார்.

"காலைல குளிச்சிட்டுத் தோள்ல தடவிக்கங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, காய விட்டு சட்டை போட்டுக்கங்க. தடவின இடம் குழந்தை மேல படாம பாத்துக்கங்க. அவ்வளவுதான். ஊசி மாதிரி ஏத்தம் இறக்கம் இருக்காது. யாரும் வீட்டுக்கு வந்து போட வேண்டியதும் இல்ல."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த மருந்து ரத்தத்தைக் கெட்டிப்படுத்தும், ஊசியில் அது அதிகம். "இவருக்கு லேசா கெட்டிப்பட ஆரம்பிச்சிருக்கு. ஊசியே வேணும்னா போடுங்க, ஆனா மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பாக்கணும். இதுக்கு மேல ஏறிச்சுன்னா நிறுத்திடுவேன். அடைப்பு வந்துட்டா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல."

திரும்பி வரும்போது மகள் மருந்துக் கடைக்குள் போனாள். நானும் அவரும் வண்டியில் இருந்தோம். அவருக்குப் பேத்தி என்றால் உயிர், நாலு வயசுக் குழந்தை. ஜெல் தடவிய அப்பா தினமும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டதால் ஒரு குழந்தைக்கு வயசுக்கு மீறி உடம்பு மாறிப்போன கதையைச் சொன்னேன். எங்கெங்கே முடி வளர்ந்தது, எலும்பு எப்படி அவசரமாக முற்றியது, எல்லாம் சொன்னேன். நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் நடக்கக்கூடியதுதான், ஜெல் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. கை கழுவிச் சட்டையால் மூடிக்கொண்டால் பயமில்லை என்பதை மட்டும் திரும்பச் சொல்லவில்லை. அதைத்தான் டாக்டரே சொல்லிவிட்டாரே.

அவர் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வந்ததும், "எனக்கு ஊசியே போதும்மா. உங்க வீட்டுக்கும் இப்ப வரல" என்றார். அவள் என்ன கேட்டும் காரணம் சொல்லவில்லை.

அடுத்த தடவை குழந்தை வந்து "தாத்தா" என்று ஓடியபோது இவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். "தாத்தா மேல மருந்து இருக்குடா கண்ணு, தொடக் கூடாது" என்றார். மகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அதற்கடுத்த இரண்டு மூன்று தடவைகளில் குழந்தை ஓடி வருவதை நிறுத்திவிட்டது, வாசலிலேயே நின்று கையாட்டியது. ஊசி மருந்து உள்ளே சதையில்தான் இருக்கும், அது தொட்டால் ஒட்டாது. தாராளமாகத் தூக்கிக் கொஞ்சியிருக்கலாம். அவர் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

பேத்தி வரத்து குறைந்ததும் ஆள் ரொம்பவும் சோர்ந்துபோனார். பதினைந்து நாளில் பின்பாதி முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வாராவாரம் ஊசி போடும்படி டாக்டர் சொல்லிவிட்டார் என்று சொன்னேன். டாக்டர் சொல்லவில்லைதான். அளவைப் பாதியாகப் பிரித்து வாரம் ஒருமுறை போடுகிற முறை உண்டு, நல்ல முறை, அதைத்தான் நினைத்து ஆரம்பித்தேன். ஆனால் பாதி போட்டால் அவர் பாதி உற்சாகமாகத்தான் இருப்பார் என்று தோன்றியது. முழுசாகவே போட்டேன். கூடுதல் குப்பிகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, மருந்துக் கடைக்காரருக்கு என்னை வெகுகாலமாகத் தெரியும்.

அந்த மாதங்கள் மிக நல்ல மாதங்கள். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நான் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருப்பார். முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. "என்ன லிஃப்ட்காரரே, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்று கட்டடத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சிவப்பு என்ன சிவப்பு என்று எனக்குத் தெரியும். தலைவலி என்பார். குறட்டையில் தன் தூக்கமே கலைகிறது என்பார். மோதிரம் இறுகுகிறது என்று கழற்றி வைத்தார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிரப்பி வைத்துவிட்டு வருவேன். அக்கறை இல்லாதவள் செய்வாளா, சொல்லுங்கள்.

பிறகு ரத்தம் பார்க்கிற நாள் வந்தது. வீட்டில் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பது என் வேலைதான். அவர் கையிலிருந்து ரத்தம் மெதுவாக, கருத்து, ஏறிவர மனமில்லாததுபோல் வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இதைக் கொடுத்தால் அன்றைக்கே ஊசியை நிறுத்துவார்கள், ஜெல் வரும், மகள் வந்து பெட்டியைக் கட்டுவாள், நான் என் வீட்டுக்குப் போய் ஒரு தட்டைக் கழுவி வைக்க வேண்டும். கை கழுவி வருகிறேன் என்று குளியலறைக்குப் போனேன். அவருடைய ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்து எடுத்து, வேறு குழாயில் நிரப்பி, அவர் பெயரை ஒட்டினேன்.

என் பெயருக்குப் பக்கத்தில் இதுவரை எந்த ஆணின் பெயரும் எழுதப்பட்டதில்லை. பரிசோதனைக் கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் பையைத் திறந்து அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

முடிவைப் பார்த்த டாக்டர், "பரவாயில்லையே, இறங்கியிருக்கு, இப்படியே போடுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதேதான். ஒருமுறை என் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை இவர் பார்த்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், உங்களுக்கும் ஊசியா? யாரு போட்டா?"

"நானே போட்டுக்கிட்டேன்."

"அப்ப சரி. கைராசிக்காரிக்கும் கைராசி கிடைச்சுதே" என்று சிரித்தார்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும். அடுத்த வாரத்திலிருந்து பாதி போடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வந்து பார்த்தால் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் காத்திருப்பார்.

கடைசியாக ரத்தம் கொடுத்த அதே வாரத்தில், ஒரு மத்தியானம், நான் போனபோது அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வலது கை மரத்துப்போயிருக்கிறது என்றார். வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா சிஸ்டர்? என்னமோ மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வேலையாக ரத்தம் எடுப்பார்கள். "ஒண்ணும் இல்ல சார், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றேன். நான் சொன்னால் அவருக்கு அது டாக்டர் சொன்ன மாதிரி. படுத்துக்கொண்டார். நான் கட்டிலருகே உட்கார்ந்து அந்த மரத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போடுவதற்கும் நாடி பார்ப்பதற்கும் இல்லாமல் ஒருவர் கையை நான் பிடித்தது அன்றைக்குத்தான். வெயில் சுவரில் மெல்ல இறங்கி வந்தது. அவர் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறியது. நான் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மகள் போன் செய்தாள். நான் எடுப்பதற்குள் அவர் இடது கையால் எடுத்துவிட்டார். அவர் குரலைக் கேட்டு அவள் அலறிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆரம்பித்த உடனே கொண்டு வந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்றார்கள். எப்போது ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டார்கள். சாயங்காலம்தான் என்று சொன்னேன்.

அங்கே எடுத்த ரத்தம் பாகு மாதிரி இருந்தது. டாக்டர் இரண்டு முடிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்று மகளிடம் சொன்னார்: "நாலு நாள்ல ரத்தம் இப்படிக் கெட்டிப்படாதும்மா. அன்னைக்குச் சோதிச்சது உங்கப்பாவோட ரத்தமே இல்ல. எங்கயோ மாறியிருக்கு." லிஃப்ட்காரர் விழித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுதான் போனது, காதும் அறிவும் போகவில்லை. அவர் பார்வை டாக்டரிடமிருந்து என்னிடம் வந்தது, என் முகத்திலிருந்து இறங்கி முழங்கை மடிப்பில் நின்றது. அங்கே ஊசி குத்திய தடம் இன்னும் நீலமாக இருந்தது. நான் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

மகளுக்கு என்மேல் துளியும் சந்தேகமில்லை. கூடத்தில் குழாயை மாற்றிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தாள், நீங்கள் வந்திருக்கிறீர்கள். "அப்பாவை வேற யார் கையிலயும் விட எனக்கு மனசு வரல சிஸ்டர், நீங்களே கூட இருந்து பாத்துக்கங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதனால் நான் இப்போது இங்கேயே இருக்கிறேன். முன்னறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறாள். அவளிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அவள் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஊசியைக் கூட்டியது நான். ரத்தத்தை மாற்றியது நான். அந்த மத்தியானம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். என்னை இங்கேயிருந்து பிரிக்க வேண்டாம். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகு புண்ணாகாமல் துடைக்க வேண்டும், விழுங்குவதற்கு ஏற்ற பதத்தில் கஞ்சி கரைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த உடம்பைப் பற்றி என்ன தெரியும்?

அவருக்கும் அதுதான் விருப்பம். நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம், நீங்களே உள்ளே வந்து பாருங்கள். மகள் வந்தால் அவள் போகிற பக்கமெல்லாம் அவர் கண் போகும். கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவரை உற்றுப் பார்ப்பார், தண்ணீர் கேன் போடுகிற ஆளைக்கூடப் பார்ப்பார். நான் கட்டிலருகே போனதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார், நான் வெளியே வருகிறவரைக்கும் திறக்க மாட்டார். ஓரத்தில் கொஞ்சம் ஈரம் கசியும், துடைத்துவிடுவேன். முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவள் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவர்மேல் முழு நம்பிக்கை இருந்தால்தான் ஒரு மனிதருக்கு அப்படிக் கண்ணை மூட வரும்.